கொடி இறக்கிய நாள்

வெற்றிலைக் கொடிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. விட்டால் ஏறிக்கொண்டே போகும். ஏற ஏற இலை சிறுத்து, காரம் குறைந்து, கடைசியில் யாருக்கும் உதவாமல் போகும். அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை, மார்கழி கழிந்ததும், அகத்தி மரத்தில் கட்டியிருக்கும் கொடியை அவிழ்த்துக் கீழே இறக்குவார்கள். அடிக்கொடியைக் குழிக்குள் சுருட்டி வைத்து மண் போட்டு மூடிவிட்டு, நுனியை மட்டும் ஒரு முழம் வெளியே விட்டு மறுபடியும் மரத்தில் கட்டுவார்கள். மண்ணுக்குள் போன கணுக்கள் வேர் விடும். கொடி திரும்பவும் வாலிபமாகிவிடும். மனுஷனுக்கு இப்படி ஒரு வசதி இல்லை.

தாமிரபரணிக் கரையில் கொடிக்கால் சாமி மடம் என்று ஒன்று இருந்தது. மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓடு போட்ட ஒரு கூடம், சாமி அடங்கிய இடத்தில் ஒரு விளக்கு, சுற்றிலும் முக்கால் ஏக்கர் வெற்றிலைக் கொடிக்கால், அவ்வளவுதான். வருகிறவர்களுக்குத் திருநீறு கிடையாது. ஒரு வெற்றிலை கொடுப்பார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு சொன்ன வாக்கை மீறக் கூடாது என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. மீறினால் என்ன ஆகும் என்று யாரும் சொன்னதில்லை. அதனாலேயே எல்லோருக்கும் பயம்.

மடத்துக்குக் குரு உலகம்மாள். வயது நாற்பத்து நான்கு. சீடர் நல்லபெருமாளுக்கு அறுபத்தொன்று. பெண்பிள்ளையிடம் என்ன ஞானம் படிக்க என்று நாலு ஆம்பிளைகள் வேறு மடம் பார்த்துப் போய்விட்டார்கள். நல்லபெருமாள் மட்டும் இருந்தார். அவர் குருவை அம்மா என்பார். குரு அவரை அண்ணாச்சி என்பார்.

அவர் முன்பு ஆற்றுக் கால்வாயில் லஸ்கர் வேலை பார்த்தவர். மதகின் ஷட்டரைத் தூக்கவும் இறக்கவும் தண்ணீரைப் பங்கு வைக்கவும் அவர் பொறுப்பு. வேலையை விட்டுவிட்டு ஒருநாள் மடத்துக்கு வந்தார். ஏன் விட்டார் என்று உலகம்மாள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வெற்றிலைக்கு நடுவிலேயே வாழ்ந்தும் ஒன்பது வருஷமாக ஒரு இலையை அவர் வாயில் வைத்ததில்லை. விரதம் என்று வருகிறவர்கள் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டார்.

மடத்தில் ஒரு வழக்கம். ஒன்பது தடவை கொடி இறக்கிய சீடருக்கு, ஒன்பதாவது இறக்கு முடிகிற அன்று உச்சி வேளையில் குரு விளக்கு வைத்துப் புதுப் பேர் கொடுப்பார். அதற்கப்புறம் பழைய பேரைச் சொல்லி யார் கூப்பிட்டாலும் அவர் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. பழைய ஆளுக்கு வந்த கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை.

நல்லபெருமாள் ஒன்பது வருஷம் குனிந்து நிமிர்ந்தது இதற்காகத்தான். இன்றைக்குத்தான் அந்த நாள். இன்னும் ஒரே ஒரு வரிசைதான் பாக்கி.

விடிந்ததிலிருந்து இரண்டு பேரும் அந்த வரிசையில் இருந்தார்கள். உலகம்மாள் கட்டை அவிழ்த்துக் கொடியை இறக்கிக் கொடுக்க, நல்லபெருமாள் குழிக்குள் சுருட்டி மண் போட்டார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கையை நிறுத்தாமக் கேளுங்க."

"நான் வந்த அன்னைக்கு இங்கன நின்ன கொடி இப்பம் இருக்கா?"

"தோண்டிப் பாருங்க."

பக்கத்தில் போன வருஷம் மூடிய குழி இருந்தது. அவர் கையாலேயே மண்ணைப் பறித்தார். மேலே போன வருஷத்துச் சுருள் பச்சை மங்காமல் கிடந்தது. ஒவ்வொரு கணுவிலும் கொத்துக் கொத்தாக வெள்ளை வேர். அதற்குக் கீழே அதற்கு முந்தின வருஷத்துச் சுருள், பழுப்பாக. இன்னும் தோண்டினார். கையில் கருப்பு மண்தான் வந்தது. நசுக்கிப் பார்த்தார். கொடியின் அடையாளமே இல்லை.

"இல்லம்மா. மண்ணாப் போச்சு. அந்தக் கொடி வேற, இது வேற."

அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை உலகம்மாள் கவனித்தார்.

"இந்த வெள்ளை வேரெல்லாம் எதுக்குள்ள போகுது?"

நல்லபெருமாள் பார்த்தார். வேர் எல்லாம் அந்தக் கருப்பு மண்ணுக்குள்தான் இறங்கியிருந்தது.

"குழியை மூடுங்க, அண்ணாச்சி. வேரு காயும்."

அவர் மூடினார். இன்றைக்குப் பார்த்து இந்தம்மாவுக்குக் கேள்வி கேட்கத் தோன்றுகிறதே என்று உள்ளுக்குள் கொஞ்சம் எரிச்சல். நல்ல நாளும் அதுவுமாக யாராவது இப்படிக் கேட்பார்களா?

அடுத்த கொடியை உலகம்மாள் இறக்கிக் கொடுத்தார். அந்த வரிசையிலேயே நல்ல கொடி அது. நல்லபெருமாள் நுனியை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் அடியைச் சுருட்டினார்.

வேலிப் படலைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"மடத்துல யாரு இருக்கா?"

"வாங்க. எந்த ஊரு?" என்றார் உலகம்மாள்.

"மேலக்கரை. நான் முப்பிடாதி. செத்துப்போன கொம்பையா சம்சாரம்."

நல்லபெருமாளின் கையில் மொடக் என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தார். நுனி ஒடிந்திருந்தது.

அவர் அப்படியே குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, படலுக்கும் அவருக்கும் நடுவில் கொடி கட்டிய மரங்கள் இருந்தன. முப்பிடாதியை அவர் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார், ஒன்பது வருஷத்துக்கு முன்னால், விசாரணை நடந்த கட்டடத்தின் வாசலில். அன்றைக்கு அவளுக்குத் தலை நரைத்திருக்கவில்லை. அவருக்குத் தாடி கிடையாது. தெரியாது, தெரியாது, அவளுக்குத் தெரியாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். 

"சொல்லுங்கம்மா" என்றார் உலகம்மாள்.

"எங்க வீட்டுல அவிய பெரிய குடிகாரரு. இல்லன்னு சொல்லல. ஆனா சாவுததுக்கு அஞ்சு மாசத்துக்கு முன்ன இங்கன வந்து, கையில வெத்தலையை வாங்கிட்டு, இனி தொட மாட்டேன்னாவ. நானும் கூட நின்னேன். சொன்ன மாதிரி தொடல. ராத்திரி கை நடுங்கும், நாந்தான் பிடிச்சிக்குவேன்."

"ம்."

"ஒருநா காலையில கால்வாய்ப் பாலத்துக்கு அடியில தண்ணியில மெதக்குத அமலைச் செடி அள்ளுதேன்னு இறங்குனாவ. மேல ஷட்டரைத் தூக்கிட்டாவ. தண்ணி அடிச்சிட்டுப் போயிருச்சு. மூணு நாளு கழிச்சுத்தான் கெடைச்சாவ. பாக்குத மாதிரி இல்ல."

 அகத்தியில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து பறந்து போனது.

"ஷட்டரைத் தூக்குததுக்கு முன்ன மூணு தடவை விசில் ஊதணுமாம். ஊதுனேன்னு லஸ்கரு எழுதிக் குடுத்துட்டாரு. விசில் கேட்டும் ஏறி வரலன்னா குடிச்சிட்டுக் கெடந்திருப்பான்னு முடிச்சிட்டாவ. ஊரும் அதையே சொல்லிச்சு. நானும் நம்பிட்டேன்."

"இப்பம் எதுக்கு வந்திய?"

"நாளைக்குத் தை அமாவாசை. ஒன்பது வருசமா அவியளுக்கு நான் ஒரு படையல் போடல. வெத்தலையில அடிச்ச சத்தியத்தை மீறிட்டுச் செத்த மனுசனுக்கு என்ன படையலுன்னு விட்டுட்டேன். நேத்து சொப்பனத்துல வந்து, பசிக்குன்னாவ." அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். "அவிய குடிச்சிருந்தாவளா இல்லியா? சாமியைக் கேட்டுச் சொல்லுங்க. போடணும்னா போடுதேன். வேண்டாம்னா விட்டுருதேன். ரெண்டுல ஒண்ணு தெரியணும் எனக்கு."

 உலகம்மாள் திரும்பிக் கொடி வரிசையைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இவியளுக்கு ஒரு வெத்தலை கொண்டாங்க."

நல்லபெருமாள் எழவில்லை.

"குழி திறந்து கெடக்கும்மா. மூடிட்டு வாரேன்."

"சரி" என்ற உலகம்மாள் முப்பிடாதியிடம் சொன்னார்: "கூடத்துல போய் இருங்க. தூணோரம் செம்புல மோரு இருக்கு, குடிங்க. உச்சி விளக்கு வைக்கும்போது பதில் சொல்லுதேன்."

முப்பிடாதி கூடத்துக்குப் போய் விளக்குக்கு எதிரே தூணோரமாக உட்கார்ந்தாள். மோரைத் தொடவில்லை.

உலகம்மாள் வரிசைக்குத் திரும்பி வந்தார். நல்லபெருமாள் லஸ்கராக இருந்தவர் என்பது அம்மாவுக்குத் தெரியும். எந்த ஷட்டர் என்பது தெரியாது. தெரியாது என்றுதான் நல்லபெருமாள் நினைத்தார். ஆனால் அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தார்.

"ஒன்பது வருசத்துல நீங்க ஒரு நுனிகூட ஒடிச்சதில்லையே."

"கை தவறிட்டு."

உலகம்மாள் அவருக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, ஒடிந்த கொடியைத் தரையில் நீளமாக விரித்தார். விரலை அடியிலிருந்து ஒவ்வொரு கணுவாக நகர்த்திக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் நின்றது.

"எல்லா இடத்துலயும் கணுவுக்குக் கணு நாலு விரக்கடை இருக்கு. இங்கன மட்டும் ஏன் இம்புட்டு நெருங்கிக் கெடக்கு?"

இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். "புரட்டாசியில பத்து நாளு மோட்டாரு ஓடல. தண்ணி இல்ல. அப்பம் வந்த கணு இது."

"இப்பந்தான் தண்ணி கெடக்கே. பாய்ச்சுனா இது நீளுமா?"

"நீளாதும்மா. வளந்து முடிஞ்ச கணு முடிஞ்சதுதான். கூடாது, குறையாது."

"எத்தனை குடம் ஊத்துனாலும்?"

"எத்தனை குடம்னாலும்."

"பாக்க அசிங்கமா இருக்கு. அறுத்து எறிஞ்சிரலாமா?"

"அதுக்கு மேல உள்ளது பூரா காஞ்சிருமே."

"அப்பம் என்ன செய்ய?"

"மண்ணுக்குள்ள வைக்கணும்."

"வச்சா?"

நல்லபெருமாள் ஒரு பிடி மண்ணை அள்ளினார். "வேரு விடும்" என்றார்.

உலகம்மாள் ஒடிந்த நுனியைத் தொட்டார். பிசின் போல ஒரு துளி ஈரம் நின்றது.

"இது இனி ஏறாதே?"

"இந்த நுனி ஏறாது. கீழ ஒவ்வொரு இலைக்காம்பு இடுக்குலயும் ஒரு மொட்டு இருக்கும்மா. நுனி ஓடிட்டு இருக்க வரைக்கும் அது தூங்கும். நுனி ஒடிஞ்சா முழிச்சிரும்."

"எந்தக் கணுவுல?"

"எதுலன்னாலும்."

"இந்த நெருங்கிக் கெடக்க கணுவுலயுமா?"

 அவர் கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். முப்பிடாதி முழங்காலைக் கட்டிக்கொண்டு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த நேரத்தில் அவர் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தார். ஆனால் வந்தது வேறு.

"அம்மா, விளக்கை இப்பவே வச்சிரலாமா?"

"இன்னும் உச்சி வரலையே."

"வரிசை முடிஞ்சிட்டு. இந்த ஒரு குழிதான். எனக்குப் பேரைக் குடுத்துட்டியன்னா, அந்தம்மாவுக்கு அப்புறம் நிதானமாப் பதில் சொல்லலாம்லா."

மனுஷனுக்குப் பயம் வந்துவிட்டால் புத்தி இப்படித்தான் ஓடும். பேர் கிடைத்துவிட்டால் கேள்வி நல்லபெருமாளுக்குத்தான். அவன்தான் அப்புறம் இருக்கவே மாட்டானே. செத்தவனிடம் யார் போய்க் கேட்பார்கள்? மண்ணாய்ப் போன கொடியைத் தன் கையாலேயே நசுக்கிப் பார்த்தாயிற்று. வேர் எங்கே இறங்கியது என்பதை அவர் மறந்துவிட்டார், அல்லது மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

"அவசரமா?" என்றார் உலகம்மாள்.

"ஆமா."

அம்மா மறுப்பார் என்றுதான் அவர் எதிர்பார்த்தார். அம்மா எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"சரி. குழியை மூடிட்டு, காலைக் கழுவிட்டு வாங்க."

அவர் மூடினார். வாய்க்காலில் இறங்கிக் காலைக் கழுவினார். கழுவிய காலையே இன்னொரு தடவை கழுவினார். கூடத்துக்கு வந்து, தலையைக் குனிந்துகொண்டு, முப்பிடாதிக்கு முதுகு காட்டி விளக்கின் முன்னால் உட்கார்ந்தார். அவளுக்கும் அவருக்கும் நடுவில் நாலு முழம் தூரம்கூட இல்லை.

"இவிய எங்க மடத்து ஆளு" என்று உலகம்மாள் முப்பிடாதியிடம் சொன்னார். "ஒன்பது வருசம் முடிஞ்சிருக்கு. புதுப் பேரு குடுக்கப் போறோம். சாட்சிக்கு ஒரு ஆளு வேணும். நீங்க இருக்கியளா?"

"இருக்கேன்" என்றாள் முப்பிடாதி. "நல்ல காரியம்."

உலகம்மாள் திரியைத் தூண்டினார். ஒரு வெற்றிலையை எடுத்து நல்லபெருமாளின் வலது கையில் வைத்தார். 

"பழைய பேரைச் சொல்லுங்க."

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. புதுப் பேர் வாங்குகிறவர் வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டு, சாட்சிக்குக் கேட்கும்படி பழைய பேரைக் கடைசியாக ஒரு தடவை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். விடுகிறதுக்கு முன்னால் எதை விடுகிறோம் என்று சொல்ல வேண்டாமா? ஒன்பது வருஷமாகப் புதுப் பேரையே நினைத்துக்கொண்டிருந்ததில் இந்தச் சடங்கை அவர் மறந்தே போயிருந்தார்.

விசாரணைத் தாளில் அந்தப் பேர் எத்தனை இடத்தில் இருந்தது? முப்பிடாதிக்கு எழுத்துக் கூட்டியாவது படிக்கத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் படித்துச் சொல்ல எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? புருஷன் மேல் தண்ணீரைத் திறந்துவிட்டவன் பேரை எந்தப் பெண் மறப்பாள்?

"நல்லபெருமாள்" என்றார். உதடுதான் அசைந்தது.

"கேக்கல" என்றார் உலகம்மாள்.

"நல்லபெருமாள்."

"எனக்குக் கேட்டுச்சு. சாட்சிக்குக் கேக்கல."

அவர் உலகம்மாளைப் பார்த்தார். அம்மாவின் முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. கொடியைக் கீழே இறக்கும்போது எப்படி இருக்குமோ அப்படியேதான் இருந்தது. கொடியைத் தாங்கிப் பிடித்திருக்கிறவரின் நிதானம் மட்டும் தெரிந்தது. இழுக்கவும் மாட்டார், விடவும் மாட்டார்.

அவர் உட்கார்ந்த இடத்திலேயே திரும்பினார். முப்பிடாதியின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"என் பேரு நல்லபெருமாள். மேலக்கரைக் கால்வாயில லஸ்கரா இருந்தேன்."

முப்பிடாதி எழுந்து நின்றாள். எழுந்த வேகத்தில் மோர்ச் செம்பு சாய்ந்து தரையெல்லாம் ஓடியது. யாரும் அதை நிமிர்த்தவில்லை.

"அன்னைக்கு நான் விசில் ஊதல" என்றார் நல்லபெருமாள். "மூணு தடவை ஊதுனேன்னு எழுதிக் குடுத்தது பொய். உங்க வீட்டுக்காரரு குடிச்சிருப்பாருன்னு முதல்ல சொன்னதும் நாந்தான். நான் அவரைப் பாக்கவே இல்ல. அவரு பாலத்துக்கு அடியில நின்னதே எனக்குத் தெரியாது."

"குடிச்சிருந்தாவளா இல்லியா?"

"எனக்குத் தெரியாதும்மா. விசில் ஊதலங்கது மட்டுந்தான் தெரியும். ஊதியிருந்தா எவனும் ஏறி வந்திருப்பான்."

"ஏன் ஊதல?"

அவர் விளக்குப் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"கேக்கேம்லா? விசில் இல்லியா? மறந்துட்டீரா? சொல்லும்."

"விசில் கழுத்துலதான் கெடந்துச்சு. மறக்கல." அவர் கையிலிருந்த இலையைப் பார்த்தார். "வாயில வெத்தலை போட்டிருந்தேன். அப்பந்தான் போட்டது. ஊதணும்னா துப்பணும்."

 ஆற்றுப் பக்கம் யாரோ துணி துவைக்கிற ஓசை மட்டும் கேட்டது.

"துப்ப முடியலையா உமக்கு?" என்றாள் முப்பிடாதி. "ஒரு வாய் வெத்தலை. அதைத் துப்ப முடியலையா?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். 

பிறகு அவள் தூணைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்து அழுதாள். "பசிக்குன்னாவளே... ஒன்பது வருசம் ஒரு பிடி சோறு வைக்கலையே பாவி" என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். நல்லபெருமாள் தடுக்கப் போனார். உலகம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார். அந்தக் கை அவளுடையது, தலையும் அவளுடையது. அவர் நடுவில் போக அங்கே இடம் இல்லை.

வெகுநேரம் கழித்து முப்பிடாதி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அவிய சத்தியத்தை மீறல" என்றாள் உலகம்மாளிடம். அது கேள்வி மாதிரியும் இருந்தது.

"மீறுனாவன்னு சொன்னவரு பொய்யின்னு சொல்லிட்டாரு. அதுக்கு மேல எனக்கும் தெரியாது, சாமிக்கும் தெரியாது. அஞ்சு மாசம் ராத்திரி கையைப் பிடிச்சிக்கிட்டது நீங்கதானே. நீங்க என்ன சொல்லுதிய?"

முப்பிடாதி யோசிக்கவே இல்லை.

"மீறல."

"அப்பம் படையலுக்கு வெத்தலை பறிக்கேன்" என்று உலகம்மாள் எழுந்தார்.

கூடத்தில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். நல்லபெருமாள் தலையைக் குனிந்திருந்தார். அவள் அடிப்பாள் என்று நினைத்தார். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். அடித்துவிட்டால் நல்லது என்றுகூட ஒரு நப்பாசை. முப்பிடாதி அடிக்கவில்லை, சபிக்கவும் இல்லை. கலைந்த கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு சொன்னாள்:

"நீரு என்கூட வாரும்."

"எங்கம்மா?"

"மேலக்கரைக்கு. இங்கன இந்தக் கூடத்துக்குள்ள என் காதுல சொல்லிட்டா ஆச்சா? எங்க தெருவுல, டீக்கடையில, தண்ணிக் குழாயில ஒன்பது வருசமா அவியளைக் குடிச்சிட்டுச் செத்தவன்னு சொல்லிட்டு இருக்காவ. நான் போய், இல்லன்னு சொன்னா எவன் நம்புவான்? புருசன் மானத்துக்குப் பேசுதாள்னுவான். பொய் சொன்ன வாயிதான் வந்து சொல்லணும்."

நல்லபெருமாள் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். அம்மாவின் முன்னால் சொல்வது ஒன்று. இந்தப் பெண்ணின் முன்னால் சொல்வது அதைவிடக் கஷ்டம், அதையும் சொல்லியாயிற்று. மேலக்கரைத் தெருவில் பட்டப்பகலில் போய் நிற்பதா? கொம்பையாவுக்கு அண்ணன் தம்பிகள் உண்டு. கேஸைத் திரும்பத் தோண்டினால் இந்த வயதில் ஜெயிலும் உண்டு.

உலகம்மாள் ஒரு கவுளி வெற்றிலையை அடுக்கிக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தார். அதை ஈரத் துணியில் சுற்றி, முப்பிடாதியிடம் நீட்டாமல் நல்லபெருமாளின் கையில் கொடுத்தார்.

"கசக்காமக் கொண்டு போங்க. வெயிலு படாம."

முப்பிடாதி படலைத் திறந்துகொண்டு போய்ப் பாதையில் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் போகவும் இல்லை.

நல்லபெருமாள் கவுளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உச்சி வேளை வந்துவிட்டது. பேரைப் பற்றி அவரும் கேட்கவில்லை, அம்மாவும் பேச்சை எடுக்கவில்லை.

படல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"அம்மா, ரெண்டு பேருட்ட சொல்லிட்டேன். உசிரு போய் வந்துருச்சு. இன்னும் எத்தனை பேருட்ட சொல்லணும்?"

உலகம்மாள் தரையில் கொட்டிய மோரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"அவரு குடிச்சிட்டுச் செத்தாருன்னு எத்தனை பேரு நம்புதாவளோ, அத்தனை பேருட்டயும், அண்ணாச்சி. ஒவ்வொருத்தராத்தான்."